தீட்டும் தொண்டும்: தொடும் கையின் கூலி

'நர்ஸ்' என்பதைத் தமிழ்நாட்டில் 'செவிலியர்' என்று எழுதுகிறோம். இலங்கைத் தமிழர்கள் 'தாதியர்' என்கிறார்கள். மருத்துவமனை வார்டுக்குள் போனால் இரண்டு சொற்களுமே காதில் விழுவதில்லை. 'சிஸ்டர்' என்றோ 'நர்சம்மா' என்றோதான் கூப்பிடுகிறார்கள். தமிழ் இலக்கியம் கற்பிப்பதால் சொற்களை அவ்வளவு எளிதாக என்னால் கடந்துபோக முடிவதில்லை. செவிலி என்பவள் அகப்பாடல்களில் வரும் வளர்ப்புத் தாய். பெற்றவள் நற்றாய், ஊட்டி, குளிப்பாட்டி, உறங்கவைத்து ஆளாக்கியவள் செவிலி. தலைவி காதலனோடு போய்விட்டால் நற்றாய் வீட்டுக்குள் இருந்து புலம்புகிறாள். பாலைநிலத்து வழியில் தேடிக்கொண்டு நடப்பவள் செவிலி. 'தாதி' என்ற சொல் பழைய நூல்களில் பணிப்பெண், அடிமைப்பெண் என்னும் பொருளில் வருகிறது. 'சிஸ்டர்' கன்னியாஸ்திரீகளின் மடத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்த சொல். தாய், அடிமை, துறவி என்று மூன்று சித்திரங்கள் இந்த மூன்று சொற்களுக்குள் இருக்கின்றன. படித்துப் பயிற்சி பெற்று, வேலை செய்து, அதற்குச் சம்பளம் வாங்கும் ஒரு பெண் இவற்றுள் எதிலும் இல்லை.

இந்த இன்மை தற்செயலானது அல்ல என்பதே என் வாதம். நோயுற்ற உடலை யாராவது தொட்டாக வேண்டும். இரத்தம், சீழ், மலம், சிறுநீர், பனிக்குட நீர் ஆகியவற்றை யாராவது துடைத்தாக வேண்டும். எல்லாச் சமூகங்களிலும் இந்த வேலை உண்டு. நம் சமூகத்தில் அந்த வேலை யார் தலையில் விழுந்தது, அவளை நாம் என்னவென்று அழைத்தோம், அவளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்டுப் பார்த்தால், நோயைப் பற்றிய நம் நம்பிக்கைகளுக்கும் அறத்தைப் பற்றிய நம் பேச்சுக்கும் உள்ள உறவு தெரியவரும்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறது. நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்பவன். நான்காமவனுக்கு வள்ளுவர் தரும் சொல் 'உழைச்செல்வான்'. செவிலியத் தொழிலை மருத்துவத்துக்குச் சமமான ஓர் உறுப்பாக வைத்துப் பேசியதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தச் சொல் ஆண்பால். சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்கிறது. அங்கேயும் பணிவிடை செய்பவன் ஆணாகவே சுட்டப்படுகிறான். வீட்டுக்குள் இரவெல்லாம் கண்விழித்துக் கஞ்சி காய்ச்சியவர்கள் பெண்களாக இருந்தபோதும், அது ஒரு துறையாகச் சாஸ்திரத்தில் இடம்பெறும்போது ஆணுக்கு உரியதாகிவிடுகிறது.

நூல்களை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, 'வீரசோழன்' என்ற பெயருடைய ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. ஆதுலர் என்றால் நோயாளிகள். வேதபாடசாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமான மருத்துவமனை அது. 15 படுக்கைகள் கொண்டது. யார் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கும் கல்லில் உண்டு. மருத்துவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி வீதம் ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவரும் ஆண்கள் இருவருக்கு நாளுக்குத் தலா ஒரு குறுணியாக 60 கலமும் 2 காசும். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து மருந்து கொடுக்கும் பெண்கள் இருவருக்கு நாளுக்குத் தலா நான்கு நாழியாக 30 கலமும் 1 காசும். நாவிதருக்கு நான்கு நாழியாக 15 கலம்.

எட்டு நாழி ஒரு குறுணி. ஆகவே, நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குக் கிடைத்தது விறகு கொண்டுவந்த ஆணுக்குக் கிடைத்ததில் சரிபாதி. மருத்துவரின் நெல் கூலியில் ஆறில் ஒரு பங்கு. நெல்லைப் பொறுத்தவரை நாவிதரின் கூலியும் அவள் கூலியும் ஒன்று. சோழர் காலத்தில் மருத்துவமனை இருந்தது என்ற பெருமிதத்துக்காக இந்தக் கல்வெட்டு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பெண்களின் கூலி விவரத்தை நிறுத்திப் படிப்பவர்கள் குறைவு. கல்வெட்டு இன்னொன்றையும் சொல்லாமல் சொல்கிறது. மருத்துவரின் பெயர், கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்கள் இருவருக்கும் பெயர் இல்லை.

நாவிதரும் செவிலிப் பெண்ணும் ஒரே அளவில் வைக்கப்பட்டதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருப்பதாக நினைக்கிறேன். முடி, நகம், இரத்தம், கழிவு என்று உடலிலிருந்து பிரிந்து வருபவை எல்லாம் தீட்டு. அவற்றைக் கையாளுபவரையும் தீட்டு ஒட்டிக்கொள்கிறது. இதன் முழு வடிவத்தை நம் ஊர்களில் மருத்துவச்சியிடம் பார்க்கலாம். தமிழகத்துக் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். 'மருத்துவர்' என்பது அந்தச் சமூகத்தின் பெயர்களில் ஒன்று. ஆண் முடிதிருத்தினார், கட்டிக்குக் கீறிவிட்டார், மருந்து கொடுத்தார். பெண் பிரசவம் பார்த்தாள், தொப்புள்கொடி அறுத்தாள், தாயையும் சிசுவையும் குளிப்பாட்டினாள். அவளுக்குக் கூலியாக நெல், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் சில்லறை, உடுத்திய பழைய சேலை.

என் அம்மா வீட்டுப் பிரசவத்தில் பிறந்தவர். அந்தப் பிரசவத்தைப் பற்றி அம்மாச்சி நிறையச் சொல்வார்: எந்த மாதம், என்ன மழை, எந்தப் பசு அன்றைக்குக் கன்று போட்டது. பிரசவம் பார்த்தவளின் பெயரைக் கேட்டால், "மருத்துவச்சிதான், அவளுக்கென்ன பேரு" என்பார். வீட்டிலேயே சின்னப் பிள்ளைகூட அவளை 'வா, போ' என்றுதான் பேசியிருக்கிறது. பெண்ணின் உடலில் கணவனைத் தவிர யாரும் தொடாத இடத்தைத் தொட்டு உயிரை வெளியே எடுத்தவள், வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாக வெளியேறினாள். அவள் தொட்ட பாத்திரம் தனியாக வைக்கப்பட்டது. அவளில்லாமல் வம்சம் விருத்தியாகாது. அவளோடு பந்தியில் உட்காரவும் முடியாது.

மருத்துவச்சியை லட்சியப்படுத்துவது என் நோக்கம் அல்ல. அவளுக்குக் கைப்பழக்கத்தில் வந்த அறிவு இருந்தது. வலி எடுத்தவளைப் படுக்கவைக்காமல் நடக்கவைக்கவும், குத்தவைத்துப் பெறவைக்கவும், வெந்நீர் ஊற்றி இடுப்பைத் தளர்த்தவும் தெரிந்திருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, கருப்பட்டி சேர்த்துக் கிண்டிய காயம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. கூடவே தீங்குகளும் இருந்தன. கொதிக்கவைக்காத கத்தியால் கொடி அறுத்ததில் எத்தனையோ சிசுக்கள் இரண ஜன்னியில் இறந்தன. பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைப்பது, காற்றில்லாத மூலை அறையில் தாயைக் கிடத்துவது என்று பலவும் நடந்தன. ஆனால் இவற்றில் எதெல்லாம் மருத்துவச்சியின் முடிவு, எதெல்லாம் அந்த வீட்டின் முடிவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தீட்டு அறை வீட்டின் கடைசி மூலையில் இருந்தது வீட்டாரின் நம்பிக்கையால். அங்கே பழைய துணியே போதும் என்றது குடும்பம். பழி மட்டும் அவள்மீது விழுந்தது. 1927இல் வெளியான காதரின் மேயோவின் 'மதர் இந்தியா' இந்தியத் தாய்மார்களின் துயரத்துக்கெல்லாம் அழுக்கான மருத்துவச்சியை அடையாளமாக்கியது. அந்தப் புத்தகத்தைக் கோபத்தோடு மறுத்த தேசியவாதிகளிலும் அவளுக்காகப் பேசியவர்கள் அரிது.

தீட்டுக்கு நேர் எதிரான ஒன்றும் நம்மிடம் உண்டு. அதுதான் அம்மை. பெரியம்மை கண்டவரை நோயாளி என்று சொல்லமாட்டார்கள். 'ஆத்தா வந்திருக்கா' என்பார்கள். கொப்புளங்களுக்கு 'முத்து' என்று பெயர். வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. வெளியாள் வரக் கூடாது. வீட்டில் தாளிப்பு இல்லை. கம்மங்கூழும் இளநீரும் மட்டும். அம்மை இறங்கியபின் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். இன்று சின்னம்மைக்கும் இதுவே நடக்கிறது. தனிமைப்படுத்துதல், குளிர்ச்சியான எளிய உணவு, புண்ணைச் சொறியாமல் வருடிவிட மென்மையான இலை என்று பார்த்தால், இது முழுமையான ஒரு செவிலிய முறை. இதைச் செய்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். இங்கே நோயுற்ற உடல் தெய்வம், தொடுவது பூசை. ஆகவே கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏதாவது தப்பாகிவிட்டால், மாதவிலக்கான பெண் யாரோ உள்ளே வந்துவிட்டாள் என்று குற்றம் சாட்ட மட்டும் இடம் இருந்தது.

அம்மை குத்த ஆங்கிலேயர்கள் முனைந்தபோது இந்த நம்பிக்கையோடு மோத வேண்டியிருந்தது. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு முன்பே எழுதிய சென்னை அதிகாரி எஃப். டபிள்யூ. எல்லிஸ், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தார். பசுவின் அம்மைப்பால் அம்மனே அருளிய கொடை என்று சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல ஒரு நூலை எழுதினார். பழைய நூல்போலத் தோன்ற வேண்டும் என்பது நோக்கம். நல்லதுக்காக மக்களை ஏமாற்றலாமா என்ற மருத்துவ அறத்தின் கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது. பண்பாட்டைப் புரிந்துகொள்வது வேறு, பண்பாட்டைப் பயன்படுத்திக் காரியம் சாதிப்பது வேறு. எல்லிஸின் நூல் அம்மனோடு பேசியது. அம்மை கண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணோடு அது பேசவில்லை.

பிரசவம் மருத்துவமனைக்குப் போனபோதும் பழைய கணக்கு கூடவே போனது. 1844இல் எழும்பூரில் அரசுப் பிரசவ மருத்துவமனை தொடங்கியது. 1854இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்குச் சென்னையில் அரசு அனுமதி தந்தது. ஆனால் 'நல்ல' குடும்பத்துப் பெண்கள் வரவில்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப்பின் முயற்சியில் 1885இல் உருவான மருத்துவமனையின் பெயர், 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை'. கோஷா என்றால் திரைமறைவு. சாதிப் பெண்கள் என்றால் உயர்த்திக்கொண்ட சாதிகளின் பெண்கள். சாதியைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்தால்தான் சிகிச்சைக்கு வருவார்கள் என்ற நிலை இருந்தது. திருவல்லிக்கேணியில் உள்ள அந்த மருத்துவமனை பின்னர் கஸ்தூரிபா காந்தியின் பெயரைப் பெற்றது. ஊர் வாயில் அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

வேலூரின் கதை எல்லோரும் அறிந்தது. ஐடா ஸ்கடரின் இளம் வயதில் ஒரே இரவில் ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு சாதி இந்து என மூன்று பேர் தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். மருத்துவரான அவருடைய தந்தை வர ஆயத்தமாக இருந்தும், ஆண் தொடக் கூடாது என்று மறுத்துப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்தார். 1909இல் செவிலியர் பள்ளியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இதை இறை அழைப்பின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அந்த மூன்று பெண்களைப் பற்றித்தான் கேள்வி. ஆண் மருத்துவர் வரட்டுமா என்று அவர்களிடம் யாராவது கேட்டார்களா? பண்பாட்டின் பெயரால் வாசலில் நின்று பேசியவர்கள் மூன்று கணவர்கள். உள்ளே செத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரு கருத்து இருந்திருக்கலாம்.

செவிலியர் பயிற்சிக்கு யார் வந்தார்கள்? அந்நிய ஆணின் உடலைத் தொட்டுத் துடைக்கும் வேலைக்கு, இரவில் வெளியே தங்கும் வேலைக்குச் சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை அனுப்பவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்களும், கிறித்தவத்துக்கு மாறிய தலித் குடும்பத்துப் பெண்களும், மிஷன் விடுதிகளில் வளர்ந்த அநாதைப் பெண்களும், விதவைகளும், பின்னர் பெருமளவில் கேரளக் கிறித்தவப் பெண்களும் வந்தார்கள். அவர்களுக்கு அது படிப்பு, சொந்த வருமானம், தலைநிமிர்வு. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியப் பட்டப்படிப்பு வந்தது; சென்னை மாகாணத்தில் 1926லேயே செவிலியர், பேறுகாலத் தாதியருக்கான பதிவுச் சட்டம் வந்திருந்தது. ஆனால் ஊர் அவர்களை இரண்டு கண்களால் பார்த்தது. வெள்ளை உடுப்பைக் கண்டால் கும்பிடும். கல்யாணப் பேச்சு வந்தால் 'நர்ஸ் பொண்ணா' என்று முகம் சுளிக்கும்.

இந்த முகச்சுளிப்பின் விலையைப் போர் குழுவின் அறிக்கை காட்டுகிறது. 1946இல் அது சொன்ன கணக்கின்படி, அன்றைய இந்தியாவில் ஏறக்குறைய 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் இருந்தார். செவிலியரோ 43,000 பேருக்கு ஒருவர். ஒரு செவிலியருக்குக் கிட்டத்தட்ட ஏழு மருத்துவர்கள். மருத்துவமனை என்ற ஒன்று நடக்க வேண்டுமானால் இந்த விகிதம் தலைகீழாக இருக்க வேண்டும். மருந்து எழுதித் தரும் தொழில் கௌரவமானது, உடலைத் தொட்டுத் துடைக்கும் தொழில் இழிவானது என்று ஒரு சமூகம் நம்பினால், அது கடைசியில் எண்ணிக்கையாக வந்து நிற்கிறது.

தீட்டு என்ற சொல்லைச் சொல்ல முடியாத நவீன மருத்துவமனைக்கு வேறொரு சொல் கிடைத்தது. அதுதான் தொண்டு. விளக்கேற்றிச் செவிலிய மாணவிகள் எடுத்துக்கொள்ளும் நைட்டிங்கேல் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு பயிற்சிப் பள்ளிக்காக எழுதப்பட்டது அது. தூய வாழ்வு வாழ்வேன், மருத்துவருக்கு விசுவாசமாக உதவுவேன் என்பது அதன் சாரம்.  பன்னாட்டுச் செவிலியர் மன்றத்தின் 1953ஆம் ஆண்டு அறநெறியும் மருத்துவரின் ஆணைகளை நிறைவேற்றும் கடமையைப் பேசியது. 1973இல் திருத்தப்பட்டபோதுதான், செவிலியரின் முதற்பொறுப்பு அவருடைய கவனிப்பு தேவைப்படும் மக்களுக்கே என்று மாறியது. காகிதத்தில் நடந்த இந்த மாற்றம் நம் வார்டுகளுக்குள் இன்னும் முழுதாக வரவில்லை.

வராததன் விளைவைப் பிரசவ அறையில் கிடந்த எந்தப் பெண்ணும் அறிவாள். நானும் அறிவேன். வலியில் கத்தினால், "அன்னைக்கு இனிச்சுதா, இப்ப கத்துற" என்ற வசை. தொடையில் ஓர் அடி. பெரும்பாலும் அதைச் சொல்வதும் அடிப்பதும் ஒரு பெண்தான். மருத்துவரிடம் வாய் திறக்கக் கூடாது என்று பழக்கப்பட்டவர், ஒரே நேரத்தில் பல கட்டில்களைப் பார்க்க வேண்டியவர், தன் தொழிலை ஒட்டியே தன் ஒழுக்கம் சந்தேகிக்கப்படுவதை அறிந்தவர், தனக்குக் கீழே கிடைத்த ஒரே உடலின்மீது ஊரின் ஒழுக்கத்தை நிறைவேற்றுகிறார். இதைச் சொல்வதால் அடி நியாயமாகிவிடாது. அடித்தவரைத் தனிமனிதராக மட்டும் பார்த்து முடித்துவிட முடியாது என்கிறேன்.

செவிலியக் கல்வியில் 'பண்பாட்டுக்கேற்ற பராமரிப்பு' என்ற பாடம் உண்டு. மேடலின் லைனிங்கர் என்ற அமெரிக்கச் செவிலியர் உருவாக்கிய துறை அது. நோயாளியின் பழக்கங்களில் காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றலாம், இணங்கிப்போகக்கூடியதோடு இணங்கலாம், கெடுதலானதை அவரோடு பேசி மாற்றலாம் என்பது அவருடைய அணுகுமுறை. பிரசவக் காயத்தைச் சாப்பிடட்டும். பத்தியச் சோற்றோடு பருப்பும் முட்டையும் சேர்க்கச் சொல்லலாம். சேனையை நிறுத்திச் சீம்பாலைக் கொடுக்கவைக்க வேண்டும். நல்ல முறைதான். ஆனால் நம் வீடுகளில் 'நோயாளியின் பண்பாடு' என்று வந்து பேசுபவர் மாமியார், கணவர், பெரியப்பா. தண்ணீர் வேண்டும் என்று கேட்பவளும் அதே பண்பாட்டைச் சேர்ந்தவள்தானே? அவளுடைய தாகத்தைப் பண்பாட்டுக்கு எதிரானது என்று யார் முடிவு செய்தது?

இந்தக் கேள்வியை நடைமுறையில் தினமும் கையாளுபவர் கிராம சுகாதாரச் செவிலியர். தமிழ்நாட்டின் 8,700க்கும் மேற்பட்ட துணைச் சுகாதார நிலையங்களை நம்பித்தான் தாய்சேய் நலம் இருக்கிறது. சமவெளியில் ஒரு நிலையத்துக்கு ஏறக்குறைய 5,000 பேர் என்பது விதி. செவிலித்தாயைப்போல வெயிலில் நடந்து தேடிப் போகிறவர் அவர். மாமியார் திண்ணையில் இருக்கும்போது உணவைப் பற்றிப் பேசுவார். மருமகள் எடை பார்க்க எழுந்து வரும்போது, வேண்டாத கர்ப்பத்தைப் பற்றித் தணிந்த குரலில் கேட்பார். எந்தத் தெருவில் திண்ணையோடு நிறுத்தப்படுகிறார், எந்தத் தெருவில் உள்ளே அழைக்கப்படுகிறார் என்பதில் அவருடைய சாதியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 100க்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில் நடப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இந்த நடையும் பேச்சும் இருக்கின்றன.

அவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். தேர்வெழுதித் தேறியவர்கள், நிரந்தரச் செவிலியர் செய்யும் அதே வேலையைச் செய்தவர்கள். 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தபோது, நோயாளிகளை விட்டுவிட்டுப் போராடலாமா, இது சேவையல்லவா என்ற குரல்கள் எழுந்தன. கொரோனாக் காலத்தில் அதே மக்கள் கைதட்டினார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் சிலர் செவிலியரை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தெய்வமும் தீட்டும் ஒரே வாரத்தில் ஒரே பெண்மீது ஏறின.

ஒருத்தியின் தொடுகையைத் தீட்டு என்று சொன்னால் அவளுக்குக் குறைவாகக் கொடுக்கலாம். தொண்டு என்று சொன்னால் அவள் அதிகம் கேட்பதற்கே வெட்கப்படவேண்டும். ஒன்று இகழ்ச்சி, மற்றது புகழ்ச்சி. கூலியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. திருமுக்கூடலின் நான்கு நாழிக்கும் 7,700 ரூபாய்க்கும் இடையில் ஏறத்தாழ 950 ஆண்டுகள் இருக்கின்றன. இடையில் எத்தனையோ நம்பிக்கைகள் மாறின, நோய்கள் ஒழிந்தன, பெரியம்மையே உலகத்தை விட்டுப் போய்விட்டது. அந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

செவிலிய அறம் என்று நாம் பேசும்போதெல்லாம் அது செவிலியருக்கு மட்டுமான கடமைப் பட்டியலாக முடிந்துவிடுகிறது. அதைத் திருப்பிக் கேட்க வேண்டிய காலம் இது. தொடுகிறவளுக்கு முழுக்கூலி, அவள் தொழிலுக்கு மருத்துவத்தோடு சம மதிப்பு, மருத்துவரின் முடிவை எதிர்த்துக் கேட்கும் உரிமை. தொடப்படுகிறவளுக்கு, தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: உனக்கு என்ன வேண்டும்? இந்த இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. தன் பெயர் எழுதப்படாத பெண்ணால், கட்டிலில் கிடக்கும் இன்னொரு பெண்ணைப் பெயர் சொல்லி அழைப்பது கடினம்.